தலைக்கு ஈடாக முடி

மதனப்பள்ளிச் செய்தி வந்த அன்று எல்லார் வாயிலும் வந்தது ஒரே கேள்வி: "படிச்சவங்கதானே?" 2021 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 27 வயது, 22 வயது மகள்கள் இருவரையும் பெற்றோரே கொன்றுவிட்டார்கள் என்று வழக்கு. தந்தை கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். தாய் கணிதம் படித்தவர், பள்ளி நடத்தியவர். அன்றிரவோடு கலியுகம் முடிகிறது, திங்கட்கிழமை சத்திய யுகம் பிறக்கும், பிள்ளைகள் உயிரோடு எழுந்து வருவார்கள் என்று பெற்றோர் நம்பியதாகக் காவல்துறை சொன்னது. பிறகு அவர்கள் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கும், அங்கிருந்து விசாகப்பட்டினம் அரசு மனநல மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டார்கள்.

"படிச்சவங்கதானே?" என்று கேட்கிறபோது நாம் தேடுவது ஆறுதல். படிப்பு ஒரு தடுப்பூசி, அதைப் போட்டுக்கொண்ட வீட்டுக்குள் இதெல்லாம் வராது என்று நம்ப விரும்புகிறோம். வேதியியல் உப்புக்கும் அமிலத்துக்கும் என்ன நடக்கும் என்று சொல்லித் தரும். பிள்ளையிடம் சாமியைப் பற்றி என்ன சொல்வது, எதோடு நிறுத்துவது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதை நாம் எல்லோரும் வீட்டில்தான் கற்றோம், கற்றது தெரியாமலே.

நோய் எது, நம்பிக்கை எது என்று பிரித்துச் சொல்லவேண்டியவர்கள் மருத்துவர்களும் நீதிமன்றமும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனம் பிறழ்கிறபோதும் அது பேசுவதற்கு எடுத்துக்கொள்வது ஊரில் புழங்கும் சொற்களையும் கதைகளையும்தான். பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுத்தால் பிள்ளை திரும்பி வரும் என்ற கதை அந்த வீட்டில் பிறந்தது அல்ல. நம் எல்லோர் வீட்டிலும் அது இருக்கிறது.

பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வரும் பைரவர் கேட்கும் விருந்து எது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து வயதுப் பிள்ளை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. உடலில் குறையில்லாத பிள்ளை. தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும். இருவரும் மனம் உவந்து செய்யவேண்டும். தந்தை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சீராளனை அழைத்துவருகிறார். தாய் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்த்துப் பிள்ளையும் சிரிக்கிறான் என்கிறார் சேக்கிழார். புராணம் முழுவதிலும் எனக்குத் தாங்க முடியாத இடம் அது. கத்தியைவிட அந்தச் சிரிப்பு. கடைசியில் இறைவன் சொல்ல, பெற்றோர் பெயர் சொல்லி அழைக்க, பள்ளியிலிருந்து வருகிறவனைப் போலப் பிள்ளை ஓடி வருகிறான்.

திருச்செங்காட்டங்குடியில் சித்திரை மாதம் அமுதுபடையல் இன்றும் நடக்கிறது. கதை தமிழோடு நின்றுவிடவில்லை. பால்குரிகி சோமநாதரின் பசவ புராணத்தில் தெலுங்குக்குப் போயிற்று. ஸ்ரீநாதரின் ஹரவிலாசத்தில் காவியமாக விரிந்தது. சித்தூர், திருப்பதிப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பங்கரையில் புழங்குகின்றன. இந்தக் கதைக்கு அங்கே எந்த மொழியிலும் வழி உண்டு.

இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்கிறவர் யாராக நின்று சொல்கிறார்? சிறுத்தொண்டராக. பக்தியின் உச்சம் அவருக்குத் தெரிகிறது, கண்ணில் நீர் வருகிறது. கேட்கிற பிள்ளை சீராளனாகப் படுத்திருக்கிறது. ஒரே கதையில் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். கொஞ்சம் துணிச்சலான பிள்ளை கேட்டுவிடும்: "அம்மா, நம்ம வீட்டுக்கும் அந்தச் சாமியார் வருவாரா?"

"அதெல்லாம் அந்தக் காலம்டா. சாப்பிடு."

தலைமுறை தலைமுறையாக அம்மாக்களும் பாட்டிகளும் சொல்லிவந்த இந்த ஒற்றை வரியை யாரும் தத்துவமாக எடுத்துக்கொள்வதில்லை. கதையை மறுக்கவும் இல்லை, கதையை வீட்டுக்குள் விடவும் இல்லை. கதை அதன் இடத்தில் பெரியதாகவே இருக்கிறது. பிள்ளை தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நம்பிக்கையைக் கைமாற்றுவது என்பதில் பாதி வேலை கதையைக் கொடுப்பது; மீதிப் பாதி இந்த வரியைக் கொடுப்பது. அந்தக் காலம், இந்தக் காலம் என்று பிரிப்பதே கோழைத்தனம், கதையில் உள்ளபடி இன்றே செய்யவேண்டும் என்று ஒருவர் எழுந்து நிற்கும்போதுதான் தீவிரவாதம் தொடங்குகிறது. கடவுளின் பெயர் எதுவாக இருந்தாலும் தொடங்கும் இடம் இதுதான்.

ஆபிரகாம் கதையிலும் இதே கத்தி உண்டு. பைபிளில் ஈசாக்கு; இஸ்லாமிய மரபில் இஸ்மாயில். அங்கே கை தடுக்கப்படுகிறது, மகனுக்கு ஈடாக ஆடு வருகிறது. பக்ரீத்துக்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்கு வந்த ஆட்டோடு பிள்ளைகள் பழகிவிடுவார்கள், அகத்திக் கீரை கொடுப்பார்கள், பெருநாளன்று அழுவார்கள். "மகனைக் கேட்ட அல்லாஹ், ஆடு போதும்னு சொல்லிட்டான்" என்று வாப்பா சமாதானம் சொல்வார். கறி மூன்று பங்காகப் பிரிந்து ஒன்று ஏழை வீட்டுக்குப் போகும். ஆபிரகாமின் வழிவந்த மரபுகள் இந்தக் கதையிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டு ஈட்டை வைத்துப் பழகியிருக்கின்றன.

திருமலையில் அந்த ஈடு முடி.

கல்யாண கட்டாவில் இரவு பகல் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் வரிசையாக நாவிதர்கள், ஈரத் தரை, தலை நனைக்கத் தண்ணீர். பெரியவர்கள் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். நேரம் பிடிப்பது குழந்தைகளுக்குத்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் நினைவில் இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். தாய்மாமன் மடியில் போட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கத்தி படுவதற்கு முன்பே ஊளை. "அழாத கண்ணு, ஆச்சு, ஆச்சு" என்று ஆயா முன்னால் உட்கார்ந்து கையைத் தட்டினாள். அப்பாக்காரர் கைபேசியில் படம் எடுத்தார். நாவிதர் எந்த அவசரமும் இல்லாமல், பிள்ளை தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் கையை நிறுத்தி நிறுத்தி எடுத்தார். முடிந்ததும் சந்தனம் பூசினார்கள். பிள்ளை தலையைத் தடவிப் பார்த்தது.

"மாமா, முடி எங்க?"

"சாமி வாங்கிக்கிச்சு."

"திருப்பித் தருமா?"

"தரும்டா. உங்க தாத்தாவுக்குத்தான் தரல" என்று வழுக்கைத் தலைத் தாத்தாவைக் காட்டினார். ஆயா சிரித்து, நாவிதரும் சிரித்துவிட்டார்.

பிள்ளையின் சம்மதம் இல்லாமல் நடந்த காரியம்தான். அழ அழ நடந்ததுதான். உரிமை பேசுகிறவர்களுக்கு இதிலும் ஒரு குற்றம் தென்படலாம். எனக்குத் தென்பட்டவை வேறு இரண்டு. ஒன்று, எடுத்தது திரும்ப முளைக்கும். தலையைக் கேட்கும் கடவுளுக்கு முடியைக் கொடுத்துக் கணக்கை முடித்த முன்னோர்கள் சாதாரணப் புத்திசாலிகள் அல்ல. இரண்டாவது, அங்கே பெற்றோர் மட்டும் இல்லை. மாமன், ஆயா, தாத்தா, யாரென்றே தெரியாத நாவிதர், வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் வழுக்கையைச் சாமி கணக்கில் எழுதிக் கேலி செய்யவும் ஆள் இருக்கிறது. அலிபிரியிலிருந்து நடந்து ஏறுகிற குழந்தைகள் 'கோவிந்தா' சொல்லக் கற்பதும் இப்படித்தான். முன்னால் போகிற யாரோ கூப்பிட, பின்னால் வருகிற யாரோ பதில் கொடுக்க, நடுவில் பிள்ளை விளையாட்டாகக் கத்துகிறது. கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் ஒருவரைக் கைகாட்ட முடியாது.

மதனப்பள்ளி வீட்டைப் பற்றி வந்த செய்திகளில் என் மனதில் தங்கியது பூஜைப் பொருள்கள் அல்ல. கொரோனா பொதுமுடக்கக் காலம் தொடங்கி அந்த வீட்டுக்கு வெளியாட்கள் வரத்துப்போக்கே நின்றுபோயிருந்தது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களே, அதுதான். நாலு பேர், நாலு சுவர், ஒரே பேச்சு. "என்னடா இது கூத்து" என்று சொல்ல ஒரு மாமன் இல்லை. அந்த வீட்டில் நம்பிக்கை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனதா, பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு வந்ததா என்பதிலேயே அப்போது பலவிதமாகப் பேச்சு இருந்தது. அடைத்த வீட்டுக்குள் திசை முக்கியமில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் சொல்ல, சொன்னவருக்கே அது புதிய சான்றாகக் கேட்கும்.

மதத்தை மாற்றிப் பார்த்தாலும் வீட்டின் அமைப்பு மாறுவதில்லை. புத்தூர் என்றால் தமிழ்நாட்டில் எலும்பு முறிவுக் கட்டுதான் நினைவுக்கு வரும். 2013 அக்டோபர் 5 அன்று அந்தப் புத்தூரில் ஒரு வாடகை வீட்டைத் தமிழகக் காவல்துறை சுற்றி வளைத்தது. அத்வானியின் 2011 ரத யாத்திரைப் பாதையில் திருமங்கலம் அருகே வைக்கப்பட்ட பைப் வெடிகுண்டு உள்ளிட்ட வழக்குகளில் தேடப்பட்ட இருவர் உள்ளே இருந்தார்கள். மணிக்கணக்கில் நீடித்த முற்றுகை. ஓர் ஆய்வாளர் அரிவாள் வெட்டுப்பட்டார். துப்பாக்கிச் சூடும் நடந்தது. அதே வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் வெளியே வந்தார்கள். செய்தித்தாள்கள் குழந்தைகளை ஒரு வரியில் கடந்துவிட்டன. தலைமறைவு வாழ்வில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது வேதமோ தொழுகையோ அல்ல. கேட்டால் என்ன பெயர் சொல்லவேண்டும், எந்த ஊர் என்று சொல்லவேண்டும், யாரோடு விளையாடக்கூடாது என்பதைத்தான். 2025இல் ஆந்திராவின் ராயச்சோட்டியில் இதுபோன்ற வழக்குகளில் பிடிபட்டவர்களில் ஒருவர் 30 ஆண்டுகளாகத் தேடப்பட்டவர். குடும்பத்தோடு, வியாபாரம் செய்துகொண்டு, ஊருக்குள் சாதாரணமாக இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு மதம் என்பது முதலில் ஓர் இரகசியம்.

இலங்கையில் இது கடைசி எல்லைக்கே போயிற்று. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு ஐந்து நாள் கழித்து, கிழக்கே சாய்ந்தமருதில் படையினர் சூழ்ந்த வீட்டில் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் தந்தையும் சகோதரர்களும் வெடித்து இறந்தார்கள். அங்கே இறந்தவர்களில் ஆறு குழந்தைகள். மகன் பிடித்த வழியில் தந்தை நடந்த வீடு அது. ஆனால் அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்ததும் அதே ஊர் முஸ்லிம்கள்தான். புதிதாக வந்த ஆட்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னார்கள். காத்தான்குடி சூஃபி வழியினரோடு சஹ்ரான் கூட்டம் 2017இலேயே மோதியிருந்தது. கந்தூரி கூடாது, தர்கா கூடாது, பாட்டி ஓதிய மௌலிது கூடாது என்று தொடங்கியவர்கள் முதலில் சண்டையிட்டது பிற மதத்தாரோடு அல்ல, தங்கள் பாட்டியோடு. தீவிரவாதி வெறுக்கும் முதல் ஆள் எப்போதும் சொந்த மதத்துப் பெரியவர்தான். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தானே.

இந்து வீடுகளிலும் பாட்டியின் மதத்தைக் கழித்துக்கட்டும் இதே வேலை வேறு சாயத்தில் நடக்கிறது. கடப்பாவில் உகாதியன்று முஸ்லிம் குடும்பங்கள் தேவுனி கடபா வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வருவார்கள். பெருமாள் பீபி நாச்சியாரை மணந்தவர், ஆகவே தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்பது அவர்கள் உரிமை. திருமலையில் செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கும் அஷ்டதள பாத பத்மாராதனைக்கு 108 தங்கத் தாமரைகளைக் கொடுத்தவர் குண்டூரைச் சேர்ந்த முஸ்லிம் பக்தர். நம் பாட்டிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லத் தயங்குகிற பெற்றோர் பெருகிவிட்டார்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் மதத்திலிருந்து மாப்பிள்ளை உறவுகளைக் கழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். எஞ்சியது பழையதைவிடச் சுத்தமாகத் தெரிகிறது, எளிதில் தீப்பிடிக்கவும் செய்கிறது.

அப்படியானால் உறுதியான நம்பிக்கையே ஆபத்தா? இல்லை என்பதற்கு மூன்று பிள்ளைகள் சாட்சி. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையோடு எழுந்து மட்டும் நின்றார்கள் என்பதற்காக நீக்கப்பட்டார்கள். தந்தை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 ஆகஸ்டில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. இதில் மதனப்பள்ளிக்கு ஒரு ஒட்டுறவு உண்டு. தாகூர் ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தது 1919இல் மதனப்பள்ளி தியசாஃபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான். அந்த மூன்று குழந்தைகளுக்கும் பெற்றோர் கொடுத்தது விட்டுக்கொடுக்காத நம்பிக்கை. ஆனால் அது தங்கள் வாயைத்தான் மூடியது. பிறர் வாயை மூடவில்லை, யார் உடம்பையும் கேட்கவில்லை.

யாருடைய உடம்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் காளத்தி. அங்கே கண்ணப்பர் கொடுத்தது தன் கண்ணை. முதல் கண்ணுக்குப் பிறகு இரண்டாவதைத் தோண்டப் போன கையை இறைவனே பிடித்து நிறுத்தினார். எல்லோருக்கும் தெரிந்த இந்த இடத்துக்கு முன்னால், அதிகம் பேசப்படாத ஒரு பகுதி பெரியபுராணத்தில் உண்டு. கண்ணப்பர் அப்போது திண்ணன். திண்ணன் மலையை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட, உடன்வந்த நாணனும் காடனும் போய்ச் சொல்ல, தந்தை நாகன் தேவராட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிறான். வேடர் தலைவன், மகனுக்குப் பட்டம் கட்டி வேட்டைக்கு அனுப்பியவன். எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறான், மகன் அசையவில்லை. நாகன் திரும்பிப் போய்விடுகிறான். மகனைக் கட்டித் தூக்கிப்போக அவனிடம் ஆள் இல்லையா, வில் இல்லையா? காளத்தியின் பக்தி தந்தை கொடுத்து மகன் பெற்றது அல்ல. தந்தைக்குப் புரியாத ஒன்றை மகன் தானே கண்டடைந்தது. புரியாமல் வெறுங்கையோடு இறங்கிப்போன அந்த வேடனுக்குத் தமிழில் ஒரு கோயில் இல்லை.

பிரகலாதன் கதையையும் நாம் விநோதமாகத்தான் பயன்படுத்துகிறோம். தந்தையின் மதத்தை ஏற்க மறுத்த பிள்ளையின் கதை அது. அதைச் சொல்லியே நம் மதத்தைப் பிள்ளைகளை ஏற்கவைக்கிறோம்.

மதனப்பள்ளி உலகத்துக்குக் கொடுத்த பிரகலாதன் ஒருவர் உண்டு. ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் அங்கே பிறந்தார். தந்தை நாராயணய்யா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், பிரம்மஞான சபை உறுப்பினர். ஓய்வுக்குப் பிறகு 1909இல் பிள்ளைகளோடு அடையாறுக்குப் போனார். அங்கே கடற்கரையில் சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் சிறுவனைப் பார்த்து, வரப்போகும் உலக குருவுக்கான உடல் இதுவே என்றார். நாராயணய்யா 1910இல் இரண்டு மகன்களின் பொறுப்பையும் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக்கொடுத்தார். தன் நம்பிக்கை காரணமாகத்தான் கொடுத்தார். பிறகு மனம் மாறி 1912இல் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர், பெசன்ட் தானே வாதாடினார். சென்னை உயர்நீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. எல்லை, அதிகாரம் பற்றிய சட்ட நுணுக்கங்கள் அதில் உண்டு. அவற்றோடு ஒரு கேள்வியும் இருந்தது: வழக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றியது, பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா?

ஒரு பக்கம் பெற்ற தகப்பன், மறுபக்கம் வளர்ப்புத் தாய். இருவரும் பிள்ளையின் ஆன்மாவுக்காகத்தான் போராடினார்கள். இருவருமே கேட்க மறந்ததை, கடல் கடந்து உட்கார்ந்திருந்த, நம் மதம் எதையும் அறியாத நீதிபதிகள் கேட்டார்கள். வெளியாளுக்கு அந்த ஒரு வசதி உண்டு. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓம்மன் என்ற ஊரில் கிருஷ்ணமூர்த்தி தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைத் தானே கலைத்தார். குருவாக மறுத்தார், சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டாரும் சபையாரும் சேர்ந்து அவர் தலைமேல் ஏற்றிய கடவுளை இறக்கிவைக்க அவருக்கு இருபது ஆண்டு பிடித்தது. பெசன்ட் அதற்குப் பிறகும் அவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளி மதனப்பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிகாரத்துக்குப் பணியாதே என்று கற்றுத்தரும் பள்ளி அருகில் இருந்தும் அந்த 2021 இரவு வந்தது. பள்ளிக்கூடம் ஒரு வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் தூரம் மிகக் குறைவு.

சட்டம் இதில் அதிகம் உதவாது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில் மதபோதனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. சிறுவர் என்றால் காப்பாளர் சம்மதம் போதும் என்கிறது. பிள்ளையின் மனசாட்சிக்குச் சாவி பெற்றோர் கையில். 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு கொஞ்சம் மேலே போய், சிந்தனையும் மனசாட்சியும் மதமும் பிள்ளையின் உரிமை, பெற்றோர் வேலை பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டுவது என்கிறது. நல்ல வாசகம்தான். எந்த வீட்டில் யார் அதைப் படிக்கப்போகிறார்கள்?

மதமே வேண்டாம், வளர்ந்த பிறகு பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பிள்ளைகளும் வெறும் பலகையாக வளர்வதில்லை. நாத்திக வீட்டிலும் படம் மாட்டியிருக்கிறது, திருநாள் உண்டு, சொல்லக்கூடாத சொல் உண்டு. எதையும் கொடுக்காமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. மேலும், வீட்டில் ஒன்றும் பெறாத பிள்ளைக்கு வெளியே கொடுக்கக் காத்திருக்கும் ஆட்கள் இன்று அதிகம்; கைபேசிக்குள் அவர்களுக்கு உறக்கமே இல்லை. பாட்டியின் மௌலிதையும் ஆயாவின் கோவிந்தாவையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, "இதுதான் உண்மையான மதம்" என்று நீட்டப்படுவதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய சரக்காவது கையில் இருக்கும்.

ஆகவே கேள்வி கொடுப்பதா வேண்டாமா என்பது அல்ல. பிள்ளை 'வேண்டாம்' என்றால் என்ன நடக்கும் என்பதுதான். கோயிலுக்கு வரலை என்றோ, நோன்பு பிடிக்கலை என்றோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வேண்டாம் என்றோ சொன்ன பிள்ளைக்கு அன்று இரவு அதே சோறு, அதே முகத்தோடு விழுகிறதா? நம்மில் பெரும்பாலோர் இதில் தேறிவிடுவோம். முகம் இரண்டு நாள் கோணும், அம்மா அழுவாள், பிறகு சரியாகிவிடும். இதை வைத்து நாம் தீவிரவாதிகள் அல்ல என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளை அடுத்த 'வேண்டாம்' சொல்லும் இடம் கல்யாணம். 2019 ஜூன் மாதம், மதனப்பள்ளிக்குப் பத்தொன்பது மாதம் முன்னால், இதே சித்தூர் மாவட்டத்தில் பலமநேர் அருகே ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். பிள்ளை பெற்று ஒரு வாரம். தலித் இளைஞரை மணந்ததற்காகப் பெற்றோரும் பிறந்த வீட்டாரும் செய்தது என்று வழக்கு. அங்கே யுகம் மாறும் என்று யாரும் நம்பவில்லை. மகள் எழுந்து வருவாள் என்றும் நம்பவில்லை. வராமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்தது. அந்தச் செய்திக்கு யாரும் "படிச்சவங்கதானே?" என்று கேட்கவில்லை; தொலைக்காட்சியில் மனநல மருத்துவர்களைக் கூட்டிவைத்துப் பேசவில்லை. மதனப்பள்ளியைப் பைத்தியம் என்றோம். பலமநேரைக் கௌரவம் என்று அதற்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் நம்பிக்கைகளில் சாதியைப் போல ஆழமாக, வாய் திறக்காமலே கொடுக்கப்படுவது வேறில்லை. சாமி கேட்டால் முடி கொடுத்துச் சமாளிக்க வழி கண்ட முன்னோர்கள், சாதி கேட்டால் கொடுக்க ஓர் ஈட்டை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கூட்டம் இருந்தால் கத்தி நிற்கும் என்று மேலே சொன்னேன். இங்கே மாமனும் சித்தப்பனும் ஊராரும் கூடியே இருக்கிறார்கள், தடுக்க அல்ல. கூட்டத்தில் ஒருவராவது நாகனைப் போல, புரியாவிட்டாலும் சரி என்று இறங்கிப்போகச் சம்மதிக்க வேண்டும். அல்லது அந்த லண்டன் நீதிபதிகளைப் போல, பிள்ளையைக் கேட்டீர்களா என்று கேட்கவேண்டும். அது அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக, பள்ளி ஆசிரியராக இருக்கலாம். நம் சொந்தத்தில் அப்படி ஒருவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் பல குடும்பங்களில் பெயர் கிடைக்காது. கிடைக்காத குடும்பத்தில் அந்த ஆளாக இருக்கவேண்டியவர், இதைப் படிக்கிறவர்தான்.